புவாயோ தோற்றது ஐந்து பேரிடம் அல்ல

பழைய கார் பந்தயங்களைப் பற்றி எந்த வீடியோவைப் பார்த்தாலும் 1914 லியோன் கிராண்ட் பிரி வந்துவிடும். வந்தால் ஒரே மாதிரிதான் வரும். ஒரு பக்கம் ஐந்து வெள்ளை நிற ஜெர்மன் மெர்சிடிஸ் கார்கள். எதிரில் நீல நிற பியூஜோவில் ஒற்றை ஆளாக, பிரான்ஸின் செல்லப்பிள்ளை ஜார்ஜ் புவாயோ. ஏழு மணி நேரம் உயிரைக் கொடுத்து ஓட்டுகிறார். கடைசிச் சுற்றில் கார் நின்றுபோகிறது. லட்சக்கணக்கான கூட்டம் வாயடைத்து நிற்கிறது. ஒரே மாதத்தில் உலகப்போர். ரெண்டே வருஷத்தில் விமானச் சண்டையில் அவர் மரணம். பின்னணி இசை மட்டும்தான் பாக்கி.

கதை நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ‘ஒருத்தன் எதிர் அஞ்சு பேர்’ என்று சொல்லும்போது புவாயோ ஒரு ஹீரோ ஆகிறார், சரி. அதே நேரத்தில் அவர் செய்த மிகப் பெரிய வேலை காணாமல் போகிறது. மெர்சிடிஸ்காரர்கள் செய்த வேலையும் சேர்ந்தே காணாமல் போகிறது. ரெண்டும் இன்ஜினியரிங் வேலை. இதைப் படிக்கும் நம்மில் முக்கால்வாசிப் பேர் அந்த வேலைக்குத்தான் போகப்போகிறோம் என்பதால் இந்தக் கதையைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

முதலில் பெயர். எழுத்துப்படி வாசித்தால் ‘பாய்லாட்’ என்று வரும். பிரெஞ்சுக்காரர்கள் சொல்வது புவாயோ. 1884 ஆகஸ்ட் 3 அன்று பிரான்ஸின் கிழக்கே வாலான்தின்யே என்ற ஊரில் பிறந்தவர். அது பியூஜோ தொழிற்சாலைகள் இருந்த பகுதி. பின்னாளில் அவருடைய சக ஓட்டுநரான ஜூல் கூ பிறந்ததும் அதே ஊர்தான், எட்டு மாதம் கழித்து. புவாயோ படித்தது மெக்கானிக் வேலை. அந்தக் காலத்தில் பந்தய ஓட்டுநர் என்றால் பணக்கார வீட்டுப் பையன், அல்லது கை கறுத்த மெக்கானிக். இவர் ரெண்டாவது வகை. 1908இல் பந்தயங்களில் இறங்கியவர், வெகு சீக்கிரம் பியூஜோ குடும்பத்தின் சின்னக் கார் பிரிவான லயன்-பியூஜோவின் முக்கிய ஓட்டுநர்களில் ஒருவரானார்.

அந்தச் சின்னக் கார்களைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியே ஆகணும். போட்டி விதி, சிலிண்டரின் போர் எவ்வளவு இருக்கலாம் என்று மட்டும் கட்டுப்படுத்தியது. ஸ்ட்ரோக்கைப் பற்றி விதி இறுக்கிப் பிடிக்கவில்லை. உடனே என்ன செய்வார்கள்? நாமாக இருந்தால் என்ன செய்திருப்போமோ அதைத்தான் செய்தார்கள். 1910இல் லயன்-பியூஜோவின் ரெண்டு சிலிண்டர் இன்ஜினுக்கு போர் 80 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 280 மில்லிமீட்டர்! இன்ஜின் கோபுரம் மாதிரி நின்றதால் ஓட்டுநரால் நேராகப் பார்க்க முடியாது. பக்கவாட்டில் எட்டிப் பார்த்துத்தான் ஓட்டணும். விதியில் ஓட்டை இருந்தால் டிசைன் எவ்வளவு கோணலாகப் போகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அந்த விசித்திரத்தை மணிக்கணக்கில் ஓட்டி, அதிர்வில் எலும்பு நொறுங்கி, எது வேலைக்கு ஆகாது என்று உடம்பால் கற்றுக்கொண்டவர்கள் புவாயோவும் கூவும்.

இங்கேதான் கதை சூடு பிடிக்கிறது. புவாயோ, கூ, ஹிஸ்பானோ-சுய்சாவிலிருந்து வந்த இத்தாலியர் பாவ்லோ சுக்காரெல்லி என்ற மூன்று ஓட்டுநர்களும் சேர்ந்து, ‘புது கிராண்ட் பிரி காரை நாங்களே உருவாக்குகிறோம்’ என்று ரோபேர் பியூஜோவிடம் போய் நின்றார்கள். படம் வரைய ஆள் வேண்டும் அல்லவா? எர்னெஸ்ட் ஆன்ரி என்ற சுவிட்சர்லாந்து வரைவாளர் வந்து சேர்ந்தார். கம்பெனியின் சொந்த இன்ஜினியர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! டிரைவர் பசங்க மூணு பேர், ஒரு டிராஃப்ட்ஸ்மேன், இவங்க இன்ஜின் பண்ணப் போறாங்களாம். இந்த நால்வருக்கும் அவர்கள் வைத்த பட்டப்பெயர் ‘ஷார்லட்டான்’. நம்ம பாஷையில் சொன்னால் டுபாக்கூர் பார்ட்டிகள்.

அந்த டுபாக்கூர் பார்ட்டிகள் 1912இல் வெளியே கொண்டுவந்த காரின் பெயர் எல்-76. 7.6 லிட்டர், நாலு சிலிண்டர். சிலிண்டர் தலைக்கு மேலே ரெண்டு கேம்ஷாஃப்ட். சிலிண்டருக்கு நாலு வால்வு. நடுவில் ஸ்பார்க் பிளக். இன்று 390 டியூக் வைத்திருக்கும் சீனியர் பெருமையாகச் சொல்வாரே, ‘டி.ஓ.எச்.சி. மச்சி, ஃபோர் வால்வு’ என்று, அந்த அமைப்புதான். தனித்தனியாக இந்த அம்சங்கள் அதற்கு முன்பும் சில இன்ஜின்களில் இருந்தன. எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து, ஒரு பந்தயத்தை வெல்லும் அளவுக்கு வேலை செய்ய வைத்தது இவர்கள்.

ஏன் நாலு வால்வு? பெரிய ஒற்றை வால்வு கனமானது. வேகம் கூடும்போது ஸ்பிரிங்கால் அதை கேமோடு ஒட்டி வைத்திருக்க முடியாது. வால்வு மிதக்க ஆரம்பிக்கும். அதையே ரெண்டு சின்ன வால்வாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் லேசு. மொத்தச் சுற்றளவும் கூடுவதால் அதே லிஃப்ட்டில் காற்று போகும் வழி பெரிதாகிறது. கேம்ஷாஃப்ட்டை நேராக வால்வுகளுக்கு மேலேயே வைத்துவிட்டால் நீளமான புஷ்ராடும் ராக்கரும் தேவையில்லை. ஆடும் எடை இன்னும் குறைகிறது. பாடமாகப் படித்தால் பத்து மார்க் கேள்வி. ஆனால் அன்று மற்ற பல கம்பெனிகள் போன வழி வேறு: சக்தி வேணுமா, சிலிண்டரைப் பெருசாக்கு.

1912 ஜூன் 25, 26. தியெப் நகரம். ஒரு சுற்று கிட்டத்தட்ட 77 கிலோமீட்டர், ரெண்டு நாளில் 20 சுற்று, மொத்தம் 1,540 கிலோமீட்டர். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குப் போய்த் திரும்பி வருவதைவிட அதிகம். அதுவும் மண்ணும் கல்லுமான ரோட்டில். எதிரில் நின்ற ஃபியட்டின் இன்ஜின் 14.1 லிட்டர், பின்சக்கரத்துக்கு செயின் டிரைவ். புவாயோவின் இன்ஜினைப் போல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. முதல் நாள் முடிவில் ஃபியட்டில் வந்த இளம் அமெரிக்கர் டேவிட் புரூஸ்-பிரவுன்தான் முன்னணி. ரெண்டாம் நாள் அவர் அனுமதி இல்லாத இடத்தில் பெட்ரோல் நிரப்பியதால் தகுதி இழந்தார். கிட்டத்தட்ட 14 மணி நேரம் ஓட்டி, சராசரி 110 கிலோமீட்டர் வேகத்தில் புவாயோ ஜெயித்தார். ரெண்டாவதாக வந்த ஃபியட்டின் லூயி வாக்னர் 13 நிமிடம் பின்னால்.

இதில் ஒரு விதியை மறக்கக் கூடாது. அன்று பிட் க்ரூ கிடையாது. வழியில் என்ன உடைந்தாலும் காரில் உட்கார்ந்து வரும் ஓட்டுநரும் அவருடைய மெக்கானிக்கும் மட்டும்தான் கை வைக்கலாம். டயர் மாற்றுவதும் அவர்களே. ஆக, வரைபலகையில் எடுத்த ஒவ்வொரு முடிவுக்கும் ரோட்டில் புவாயோவே கைப்படக் கணக்குக் கொடுக்கணும். போல்ட்டை எட்டாத இடத்தில் வைத்துவிட்டு, ‘அது அசெம்பிளி ஆள் பார்த்துப்பான்’ என்று சொல்ல முடியாது. அசெம்பிளி ஆள், சர்வீஸ் ஆள், டெஸ்ட் ஆள் எல்லாம் இவரே. ஷார்லட்டான்களின் வெற்றி ரகசியம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால், நாலு வால்வை அல்ல, இதைத்தான் சொல்வேன்.

அடுத்த வருடம் விதி மாறியது. 100 கிலோமீட்டருக்கு 20 லிட்டர் பெட்ரோல்தான், அதற்கு மேல் ஒரு சொட்டு கிடையாது. 1913 ஜூலை 12, அமியான் நகரம், 916 கிலோமீட்டர். அப்படியென்றால் 183 லிட்டருக்குள் முடிக்கணும். ஷார்லட்டான்கள் இன்ஜினை 5.6 லிட்டராகக் குறைத்தார்கள். சராசரி வேகம் 116 கிலோமீட்டராகக் கூடியது. (வேற சர்க்யூட், அதனால் நேரடியாக ஒப்பிடக் கூடாதுதான்; இருந்தாலும் ஆசையாக இருக்கிறது.) புவாயோ முதல், கூ இரண்டாவது. பிரெஞ்சு கிராண்ட் பிரியை இரண்டு முறை வென்ற முதல் ஆள் புவாயோ. அதே வருடம் மே மாதம் கூ அமெரிக்கா போய் இண்டியானாபோலிஸ் 500ஐ ஜெயித்திருந்தார். ஐரோப்பாவிலிருந்து போய் அதை வென்ற முதல் ஓட்டுநர் அவர்.

ஆனால் அமியானில் மூன்றாவது ஷார்லட்டான் இல்லை. பந்தயத்துக்குச் சில வாரங்கள் முன்னால், பொதுச் சாலையில் காரைச் சோதித்துக்கொண்டிருந்த சுக்காரெல்லியின் குறுக்கே ஒரு வைக்கோல் வண்டி வந்தது. அவரும் மெக்கானிக்கும் அங்கேயே இறந்தார்கள். நால்வர் கூட்டணி மூவரானது. டெக்னிக்கலாக யோசிக்கத் தெரிந்த ஒரு ஓட்டுநரை இழந்ததை பியூஜோ எவ்வளவு உணர்ந்தது என்று எண்களில் காட்ட முடியாது. 1914இல் அது தெரிந்தது என்பது என் கணிப்பு.

இப்போது லியோனுக்கு வருவோம். முதலில் அந்த ‘ஒருத்தன் எதிர் அஞ்சு பேர்’ கணக்கு. 1914 ஜூலை 4 அன்று தொடக்கக் கோட்டில் நின்றவை 37 கார்கள். பியூஜோவே மூன்று கார்களைக் கொண்டுவந்தது. தெலாஜ் மாதிரி மற்ற பிரெஞ்சு கம்பெனிகளும் இருந்தன. ஒரு கம்பெனி ஐந்து கார்கள் வரை இறக்கலாம் என்பது விதி. மெர்சிடிஸ் அதைப் பயன்படுத்திக்கொண்டது, அவ்வளவுதான். அதில் தில்லாலங்கடி எதுவும் இல்லை. ஐந்து கார்களில் ஒன்றை ஓட்டியவர் வாக்னர், பிரெஞ்சுக்காரர். தியெப்பில் ஃபியட்டில் ரெண்டாவதாக வந்த அதே வாக்னர்.

இன்ஜின் அளவுக்கு உச்ச வரம்பு 4.5 லிட்டர். பியூஜோவிடம் ரெட்டை கேம்ஷாஃப்ட் இருந்தது, மெர்சிடிஸிடம் ஒற்றை. பியூஜோவிடம் நாலு சக்கரத்துக்கும் பிரேக் இருந்தது. மெர்சிடிஸுக்குப் பின்சக்கர பிரேக் மட்டும். காகிதத்தில் பார்த்தால் பியூஜோதான் நாளைய கார். டிசைன் ரிப்போர்ட்டுக்கு மார்க் போட்டால் பியூஜோவுக்குத்தான் முதல் இடம்.

ஆனால் மெர்சிடிஸ் பந்தயத்துக்கு வெகு முன்னாலேயே லியோனுக்கு ஆட்களோடு வந்து இறங்கியது. 37.6 கிலோமீட்டர் சுற்றை ஓட்டிப் பார்த்து, எந்த கியர் விகிதம், எந்த டயர், எங்கே எவ்வளவு வேகம் என்று உட்கார்ந்து வேலை செய்தார்கள். இன்ஜினில் விமான இன்ஜின் அனுபவம் இருந்தது: தனித்தனி எஃகு சிலிண்டர்கள், மேலே வெல்டிங் செய்த தண்ணீர் ஜாக்கெட். அழகு இல்லை, ஆனால் உடையாது. புவாயோவும் கூவும் அப்போது எங்கே? மே 30 அன்று இருவரும் இண்டியானாபோலிஸில். அங்கே தகுதிச் சுற்றில் மணிக்கு 99.86 மைல் என்று புவாயோ எல்லோரையும் அசத்தினார். பந்தயத்தில் டயர் தகராறு; பாதியிலேயே விலகினார். அதன்பின் கப்பல் ஏறி அட்லாண்டிக்கைத் தாண்டி வந்தால், லியோனுக்கு மீதி இருந்த நாட்கள் எத்தனை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பந்தயத்தில் கார்கள் ரெண்டு ரெண்டாக, 30 விநாடி இடைவெளியில் கிளம்பின. அதனால் ரோட்டில் யார் முன்னால் போகிறார்கள் என்பதை வைத்து யார் முதலில் என்று சொல்ல முடியாது. கடிகாரத்தைப் பார்த்தால்தான் தெரியும். மெர்சிடிஸின் மாக்ஸ் சைலர் ஆரம்பத்திலேயே வெறித்தனமாக ஓட்டி முன்னணிக்குப் போனார். ஆறாவது சுற்றில் அவர் இன்ஜின் போய்விட்டது. இது புவாயோவை விரட்ட வைக்கப் போட்ட திட்டமா, சைலரின் சொந்தத் துடிப்பா என்று இன்றுவரை பேசுகிறார்கள். எதுவாக இருந்தாலும் அடுத்த பல சுற்றுகளுக்கு புவாயோதான் முதல். வளைவுகளில் நாலு சக்கர பிரேக்கை நம்பி மற்றவர்களைவிடத் தாமதமாக பிரேக் பிடித்தார். பார்த்தவர்களுக்கு அது விருந்து. டயர்களுக்கு அது விருந்தாக இருந்திருக்காது.

அந்த நாளைத் தீர்மானித்தது டயர்தான். கிறிஸ்டியன் லாட்டன்ஷ்லாகர் டயருக்காக நின்றது ஒரே முறை. புவாயோ திரும்பத் திரும்ப நின்றார். ஒவ்வொரு தடவையும் குதித்து இறங்கி, மாற்றி, ஏறி, இழந்த நேரத்தைப் பிடிக்க இன்னும் வேகமாக ஓட்டி, அதனால் டயர் இன்னும் வேகமாகத் தேய்ந்து... இந்தச் சுழல் எங்கே போய் முடியும் என்று தெரியும். 18ஆவது சுற்றில் லாட்டன்ஷ்லாகர் முந்தினார். 20ஆவது, அதாவது கடைசிச் சுற்றில் புவாயோவின் இன்ஜின் கைவிட்டது. லாட்டன்ஷ்லாகர், வாக்னர், சால்சர் என்று மூன்று மெர்சிடிஸ்கள் வரிசையாக வந்தன. நாலாவது கூ.

லாட்டன்ஷ்லாகரைப் பற்றி ஒரு வார்த்தை. வீடியோக்களில் இவர் உணர்ச்சி இல்லாத ஜெர்மன் இயந்திரமாக வருவார். உண்மையில் இவரும் புவாயோ மாதிரியே மெக்கானிக்காகத் தொடங்கி வந்தவர். 1908இல் இதே கிராண்ட் பிரியை தியெப்பில் வென்றவர். அந்தத் தோல்விக்கும் செலவுக்கும் பிறகுதான் பிரெஞ்சு கம்பெனிகள் ஒதுங்கிக்கொள்ள, மூன்று வருடம் பந்தயமே நடக்கவில்லை. இவர் லியோனில் செய்தது, தன் காரும் டயரும் எவ்வளவு தாங்கும் என்று தெரிந்து அந்த அளவுக்குள் ஓட்டியது. அதைச் சலிப்பு என்று சொல்பவர்கள் ஏழு மணி நேரம் அப்படி ஓட்டிப் பார்க்கட்டும்.

என் கருத்து இதுதான்: 1912இல் ஷார்லட்டான்கள் ஜெயித்த முறையில்தான் 1914இல் மெர்சிடிஸ் ஜெயித்தது. ஓட்டுபவன் சொல்வது வரைபவன் காதுக்குப் போனது. பந்தயத்துக்கு முன்னாலேயே கேள்விகளைக் கேட்டு முடித்திருந்தார்கள். பியூஜோ அந்த நேரத்தில் தன் பழைய பலத்தை விட்டு, புவாயோவின் கையையும் புது டெக்னாலஜியையும் மட்டும் நம்பியது. ஐந்து பேர் சேர்ந்து ஒருவரைத் தோற்கடிக்கவில்லை. ஒரு நல்ல டிசைனை, நன்றாகச் சோதித்த ஒரு சுமாரான டிசைன் தோற்கடித்தது.

இதை ஏன் காலேஜ் இதழில் எழுதணும் என்றால், நம்ம ஸ்டூடண்ட் ஃபார்முலா டீம்களைப் பாருங்கள். கோயம்புத்தூர் காரி ஸ்பீட்வேக்குப் போகிற டீம்களில் எத்தனை கார், போட்டிக்கு முந்தைய வாரம்தான் முதல்முறை ஸ்டார்ட் ஆகிறது? டிசைன் ரிப்போர்ட்டில் சி.எஃப்.டி. வண்ணப் படம் பக்கம் பக்கமாக இருக்கும். டெஸ்ட் ஓட்டிய கிலோமீட்டர் என்ற கட்டத்தில் எழுத எண் இருக்காது. டிரைவரை கடைசியில் ‘யார் ஒல்லியா இருக்கான்’ என்று பார்த்து எடுப்போம். வெல்டிங் தெரிந்த பையனை மீட்டிங்குக்குக் கூப்பிட மாட்டோம். தோற்றுவிட்டால் மட்டும் ‘அவங்க பெரிய காலேஜ், ஸ்பான்சர் இருக்கு’ என்போம். இது நம்ம ‘அஞ்சு பேர்’ கதை. ஸ்பான்சர் வித்தியாசம் பொய் இல்லை. ஆனால் 50 கிலோமீட்டர் ஓட்டிப் பார்க்காமல் போனதற்கு ஸ்பான்சர் என்ன செய்வார்?

இன்னொரு சண்டையும் இருக்கிறது: அந்த ரெட்டை கேம் இன்ஜினை உண்மையில் யோசித்தது யார்? ஆன்ரிதான் மேதை என்று ஒரு கட்சி. அவர் வெறும் வரைவாளர், யோசனை சுக்காரெல்லியுடையது என்று இன்னொரு கட்சி. சுக்காரெல்லி ஹிஸ்பானோவிலிருந்து கொண்டுவந்தார் என்று மூன்றாவது. நூறு வருஷமாக ஓடுகிறது. குரூப் ப்ராஜெக்ட் செய்த யாருக்கும் இந்தச் சண்டை புதிதல்ல. போருக்குப் பிறகு ஆன்ரி பாலோ கம்பெனிக்கு வரைந்த கார்களும் அதே வழியில் வந்து வேகமாகவே ஓடின. அதனால் அவரை வெறும் பென்சில் பிடித்த கை என்று ஒதுக்க எனக்கு மனசு வரவில்லை. அதே நேரம், மூன்று ஓட்டுநர்களின் அனுபவம் இல்லாமல் அந்தப் பென்சில் எங்கே போயிருக்கும் என்றும் தெரியவில்லை.

யோசித்தது யாராக இருந்தாலும் இன்ஜின் தன் வழியில் போனது. பாப் பர்மன் என்ற அமெரிக்க ஓட்டுநரின் பியூஜோ பழுதாகி லாஸ் ஏஞ்சல்ஸில் ஹாரி மில்லரின் பட்டறைக்கு வந்தது. அங்கே பிரித்துப் பார்த்துக் கற்றதிலிருந்து மில்லர் இன்ஜின்கள் வந்தன, அவற்றிலிருந்து ஆஃபன்ஹவுசர். அந்தக் குடும்பம் 1970கள் வரை இண்டியானாபோலிஸில் ஜெயித்துக்கொண்டிருந்தது. லியோன் மெர்சிடிஸும் இதே மாதிரி பிரிபட்டது. போர் தொடங்கியபோது லண்டனில் மாட்டிக்கொண்ட ஒரு காரை, பின்னாளில் பென்ட்லி கம்பெனியைத் தொடங்கிய டபிள்யூ.ஓ. பென்ட்லி, டெர்பியில் இருந்த ரோல்ஸ்-ராய்ஸ் ஆலைக்குக் கொண்டுபோக ஏற்பாடு செய்தார். விமான இன்ஜின் செய்பவர்களுக்கு அதில் படிக்க நிறைய இருந்தது.

ஜெர்மனி பிரான்ஸ் மீது போர் அறிவித்தது 1914 ஆகஸ்ட் 3. புவாயோவுக்கு அன்று முப்பதாவது பிறந்தநாள். முதலில் ராணுவத்தில் டிரைவர்; தளபதி ஜோஃப்ரின் காரை ஓட்டினார். பிறகு கேட்டு வாங்கி விமானப் படைக்குப் போனார். 1916 மே மாதம் வெர்டன் போர்முனைக்கு அருகே விமானச் சண்டையில் சுட்டு வீழ்த்தப்பட்டார். வயது 31. அங்கேயும் அவர் தனியாக ஐந்து எதிரி விமானங்களோடு மோதினார் என்று சொல்வார்கள். லியோனிலிருந்து அந்த ‘ஐந்து’ அவரை விடவே இல்லை போலிருக்கிறது.

1914இல் ஒரு சின்னக் கார் பந்தயத்துக்காக பியூஜோ 2.5 லிட்டர் கார்களைச் செய்து வைத்திருந்தது. போர் வந்ததால் அந்தப் பந்தயம் நடக்கவில்லை. ஐந்து வருடம் கழித்து, 1919 நவம்பரில் சிசிலியில் டார்கா ஃப்ளோரியோ நடந்தபோது புவாயோவின் தம்பி ஆந்த்ரே அந்தக் கார்களில் ஒன்றை ஓட்டிவந்தார். மழை, சேறு, மலைப்பாதை. முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் ஜனங்கள் ரோட்டுக்கு வந்துவிட, ஒதுக்கப்போய் கார் சுழன்று, பின்பக்கமாகவே கோட்டைத் தாண்டியது. அது செல்லாமல் போகலாம் என்று யாரோ சொல்ல, சோர்ந்து கிடந்தவரைத் திரும்ப உட்கார வைத்தார்கள். காரைத் திருப்பிக் கொண்டுபோய், முன்பக்கமாக இன்னொரு முறை கோட்டைத் தாண்டினார். ஜெயித்தது அவர்தான்.